தொல்தமிழர் படிப்பும் கெல்ட்டியர் படிப்பும்

(விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்த எழுத்து வடிவம்)

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அயர்லாந்திலும் வேல்ஸிலும் ஸ்காட்லாந்தின் வடமேற்குத் தீவுகளிலும் பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலும் இன்றும் வழங்கும் சில மொழிகளுக்குக் கெல்ட்டிய மொழிகள் என்று பெயர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்குடும்பத்து மொழிகள் ஸ்பெயின் தொடங்கி இன்றைய துருக்கியின் நடுப்பகுதி வரை பேசப்பட்டன. இன்று அவற்றைப் பேசுவோர் தொகை தமிழர் தொகையோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. அக்குடும்பத்தில் ஒன்றான மாங்க்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 1974இல் மறைந்தார். ஆயினும் அந்த மக்களின் மொழி, இலக்கியம், வரலாறு, தொல்பொருள் ஆகியவற்றை ஒரே படிப்பாகக் கற்பிக்கும் மரபு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுக்கு மேலாக இருந்து வருகிறது. அதில் சேரும் மாணவர் பழைய ஐரிஷ் இலக்கணம் படிக்கிறார். தோலில் எழுதிய ஏடுகளின் எழுத்தை வாசிக்கப் பழகுகிறார். கல்வெட்டையும் கல்லறைப் பொருளையும் துறவிகள் எழுதி வைத்த ஆண்டுக் குறிப்புகளையும் எடைபோடக் கற்கிறார்.

தொல்தமிழகத்தைக் கற்க விரும்பும் மாணவர் நிலை வேறு. சங்கப் பாடல் தமிழ்த் துறையில் இருக்கிறது. அகழாய்வு தொல்லியல் துறையில் இருக்கிறது, அத்துறை இல்லாத இடத்தில் வரலாற்றுத் துறையின் ஒரு தாளாக இருக்கிறது. திராவிட மொழிகளின் உறவு மொழியியல் துறையில். புறநானூற்றை நன்கு கற்றவர் ஒரு பானை ஓட்டின் எழுத்தை வாசிக்கத் தெரியாமலே பட்டம் பெறுகிறார். குழி தோண்டி மண்ணடுக்கைப் பிரிக்கத் தெரிந்தவர் மதுரைக்காஞ்சியை ஒருமுறைகூட முழுமையாகப் படிக்காமல் பட்டம் பெறுகிறார்.

அவையோரே, இச்சொற்பொழிவு முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். தொல்தமிழகத்தைக் கற்பவர் பாட்டு, எழுத்து, மண் ஆகிய மூன்று சான்றுகளையும் ஒருசேரக் கற்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்த பிறகே மூன்றையும் இணைக்க வேண்டும். இணைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும், அவசரப்பட்டு இணைத்தால் என்ன நேரும் என்பதற்கும் கெல்ட்டியப் படிப்பின் வரலாற்றில் தெளிவான பாடங்கள் உள்ளன.

1. மொழியுறவைக் கண்டவர்கள்

கெல்ட்டியப் படிப்பு மொழியிலிருந்து தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்டு லூயிட், வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, கார்ன்வால், பிரித்தானி ஆகிய இடங்களுக்கெல்லாம் சென்று சொற்களைத் திரட்டி, 1707இல் வெளியிட்ட நூலில் அம்மொழிகள் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்று காட்டினார். அந்த உறவை உறுதியான இலக்கண அடிப்படையில் நிறுவியவர் காஸ்பர் சாய்ஸ் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். லத்தீனில் அவர் எழுதிய கெல்ட்டிய இலக்கணம் 1853இல் வெளிவந்தது.

சாய்ஸுக்குக் கிடைத்த சான்று எத்தகையது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் ஐரோப்பிய மடங்களுக்குச் சென்று லத்தீன் நூல்களைப் பயின்றனர். லத்தீன் அவர்களுக்குத் தாய்மொழி அன்று. ஆகவே கடினச் சொல் வந்த இடங்களில், வரிகளுக்கு நடுவிலும் பக்க ஓரத்திலும் தங்கள் மொழியில் பொருள் குறித்து வைத்தனர். நம்மவர் அரும்பதவுரை எழுதிய முறைதான் அது. வூர்ட்ஸ்பர்க்கில் பவுலின் நிருபங்கள், சங்க்ட் காலனில் ஒரு லத்தீன் இலக்கணம், மிலானில் சங்கீதங்களின் உரை என்று மூன்று இடங்களில் இருந்த ஏடுகளின் இந்தப் பொடியெழுத்துக் குறிப்புகளே பழைய ஐரிஷ் மொழியின் இலக்கணத்தை மீட்டுத் தந்தன. அவற்றுக்கிடையே குளிரையும் மையின் கேட்டையும் பற்றி எழுத்தர் முறையிட்ட ஓரக் குறிப்புகளும் உண்டு. அக்குறிப்புகள் எழுதப்பட்ட காலத்திலேயே எழுதப்பட்ட ஏட்டில் கிடைத்தன என்பது பெரும் வாய்ப்பு. படியெடுத்துப் படியெடுத்து மாறிப்போகும் இடர் அவற்றுக்கு நேரவில்லை.

தமிழின் பக்கம் இதே வேலை ஏறத்தாழ அதே காலத்தில் நடந்தது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை எஃப். டபிள்யூ. எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டினார். 1856இல் ராபர்ட் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. சாய்ஸ் மறைந்த ஆண்டும் அதுவே. கால்டுவெல் 1814இல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில் பிறந்தவர், கிளாஸ்கோவில் படித்தவர், 1838இல் சென்னைக்கு வந்து பின் இடையன்குடியில் தங்கியவர். அவரை மொழியறிஞராகவே பலரும் அறிவர். 1870களில் கொற்கையிலும் காயலிலும் அவர் நிலத்தைத் தோண்டிப் பார்த்தார். கண்டதை எழுதி வெளியிட்டார். 1881இல் திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்றையும் எழுதினார். அன்று சிவகாசி வட்டாரமும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதுதான் பிரிந்தது. சொல்லை ஆராய்ந்தவரே கொற்கையின் மண்ணையும் தோண்டினார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இரண்டும் இரு துறைகளாகப் பிரிந்தது பின்னாளில்.

2. இருக்கையும் துறையும்

ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த மேத்யூ ஆர்னால்டு 1865, 1866ஆம் ஆண்டுகளில் கெல்ட்டிய இலக்கியம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அது 1867இல் நூலாயிற்று. கெல்ட்டிய மொழிகளை அவர் ஆழ்ந்து கற்றவரல்லர். ஆனால் பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று வலியுறுத்தினார். 1877இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கை அமைந்து, வேல்ஸ்காரரான ஜான் ரீஸ் அதன் முதல் பேராசிரியரானார். எடின்பரோவில் 1882இல் அமைந்தது. அதற்காகக் கிரேக்கப் பேராசிரியர் ஜான் ஸ்டூவர்ட் பிளாக்கி தம் துறைக்கு வெளியே நின்று ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டினார். தம் துறையல்லாத ஒன்றுக்காக ஒரு பேராசிரியர் கையேந்தியது கல்வி வரலாற்றில் அரிய செய்தி. ஹார்வர்டில் 1896இல் பாடம் தொடங்கி 1940இல் தனித் துறையாயிற்று. அதே 1940இல் டப்ளினில் உயராய்வு நிறுவனமும் அதன் உறுப்பாகக் கெல்ட்டிய ஆய்வுப் பள்ளியும் தோன்றின.

தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் 1914இல் இந்திய வரலாறு, தொல்லியலுக்கென இருக்கை அமைத்து எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரை அமர்த்தியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இலும் வந்தன. பல துறைகளையும் தமிழ் என்னும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் எண்ணம் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அமைப்பிலேயே இருந்தது. கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் கடல்சார் வரலாற்றுக்கும் அங்கே துறைகள் ஏற்பட்டன. கொடுமணல் அகழாய்வு அதன் பெரும் சாதனைகளில் ஒன்று. தனிநாயகம் அடிகள் முன்னின்று 1964இல் உருவாக்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் கூட்டிய முதல் மாநாட்டில் பல துறை அறிஞரை ஒரே அரங்கில் அமர வைத்தது. ஹார்வர்டின் தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட 60 லட்சம் டாலரை உலகெங்குமுள்ள தமிழர் திரட்டி 2018இல் நிறைவு செய்தனர். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் அளித்தது. ஆக, இருக்கைக்கும் நிறுவனத்துக்கும் தமிழரிடம் முயற்சிக் குறைவு இல்லை. குறை பாடத்திட்டத்தில் இருக்கிறது. மூன்று சான்றுகளும் ஒரே மாணவரின் கைக்கு வருவதில்லை.

3. கைலாசபதியின் வழி

கெல்ட்டியப் படிப்பும் தமிழ்ப் படிப்பும் ஒன்றையொன்று நேராகச் சந்தித்த இடம் ஒன்று உண்டு. 1933இல் கோலாலம்பூரில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் பயின்ற க. கைலாசபதி, முனைவர் பட்டத்துக்காகப் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சன். தாம்சன் ஐரிஷ் மொழியைப் பயில அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவில் மீனவரோடு தங்கியவர். கால்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்கத்தை ஐரிஷ் மொழியின் வழியாகக் கற்பித்தவர். எழுதப் படிக்காத முதியவர் வாயிலாகக் கதையும் பாட்டும் எப்படிப் பிறக்கின்றன, எப்படி நிலைக்கின்றன என்பதைத் தீவில் கேட்டு அறிந்த பிறகே ஹோமரின் பாடல் முறை தமக்கு விளங்கியது என்று அவர் கருதினார்.

அத்தகைய ஆசிரியரிடம் கற்ற கைலாசபதி, சங்கப் புறப்பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு மட்டுமன்றி, ஐரிஷ், வேல்ஸ் பாணர் மரபுகளோடும் ஒப்பிட்டார். தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய அவருடைய ஆங்கில நூலை 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. மன்னனைப் பாடிப் பரிசில் பெறும் பாணர், கொடாதவனை வசைபாடும் உரிமை, போருக்கு முன்னும் பின்னும் பாட்டுக்கு இருந்த இடம், திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் ஆகியவை இருபக்கமும் உள்ளன. ஐரிஷ் மரபில் கவிஞரின் வசைக்கு அரசர் அஞ்சினர். தமிழ் மரபிலும் புலவர் வாய்ப் பழிக்கு வேந்தர் அஞ்சினர். இவ்வொற்றுமை ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் பெற்றதால் வந்ததன்று. ஆட்சியும் புகழும் பாடுவோர் வாயை நம்பியிருந்த இரு சமூகங்கள் தாமாக அடைந்த நிலை அது.

சங்கப் பாடல்கள் வாய்மொழியாகவே புனையப்பட்டவை என்னும் அவருடைய முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலில் பாணர் மரபையும் எழுத்தறிந்த புலவர் மரபையும் வேறுபடுத்திப் பார்த்தார். அந்த வேறுபாடு ஏற்கத்தக்கது. புறப்பாடல்களில் பாணர் பேசுவதுபோல் புலவர் பாடும் பாடல்கள் பல இருக்கும்போது, பாடியவரும் பாட்டில் பேசுபவரும் ஒருவரே என்று கொள்ள இயலாது. எனினும் கைலாசபதி திறந்த வாசல் மூடப்படவில்லை. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அருகிலுள்ள ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, புதைகுழி ஒன்றில் குறியீடுகளும் பிராமி எழுத்தும் ஒருசேரப் பொறித்த முத்திரை கிடைத்தது. விரலால் மூடிவிடக்கூடிய சிறு பொருள் அது. குறியீட்டிலிருந்து எழுத்துக்கு மக்கள் எவ்வாறு கடந்தனர் என்று கேட்பவர்கள் இன்றும் அதைத் தேடிப் போகின்றனர்.

4. இணைப்பதில் உள்ள இடர்

1846 முதல் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில், உப்புச் சுரங்க மேலாளரான ராம்சாவர் ஏறத்தாழ ஆயிரம் கல்லறைகளைத் திறந்து ஒவ்வொன்றையும் வண்ணப்படமாக வரையச் செய்தார். 1857இல் சுவிட்சர்லாந்தின் நொய்ஷாத்தெல் ஏரிக்கரையில் லா தேன் என்னுமிடத்தில் வாள்களும் ஈட்டிகளும் கிடைத்தன. இவ்விரு ஊர்ப் பெயர்களே ஐரோப்பிய இரும்புக்காலத்தின் இரு கட்டங்களுக்கும் பெயராயின. பிறகு ஒரு பிழை மெல்ல நுழைந்தது. லா தேன் வகை அணிகலன் கிடைத்த இடமெல்லாம் கெல்ட்டியர் வாழ்ந்த இடம், கெல்ட்டியர் வாழ்ந்த இடமெல்லாம் ஒரே மொழி, ஒரே இனம், ஒரே சமயம் என்று எழுதத் தொடங்கினர். 1999இல் சைமன் ஜேம்ஸும் 2003இல் ஜான் காலிஸும் இதைக் கடுமையாக எதிர்த்து நூல் எழுதினர். பிரிட்டன், அயர்லாந்தின் பழைய மக்களைக் கெல்ட்டியர் என்று அழைக்கும் வழக்கமே லூயிடின் நூலுக்குப் பின் வந்தது என்பது அவர்கள் வாதம். மொழிக்கு இட்ட பெயர் மக்களுக்கும் அவர்கள் பானைக்கும் வாளுக்கும் பரவிவிட்டது.

இலக்கியத்திலும் இதே இடர் நேர்ந்தது. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதி வீரர்களின் கதைகள் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஏடு முதலாகக் கிடைக்கின்றன. தேரில் ஏறிப் போரிடும் வீரர், எதிரியின் தலையைக் கொய்து வரும் வழக்கம் ஆகியவற்றைக் கண்ட கென்னத் ஜாக்சன், 1964இல் கேம்பிரிட்ஜ் சொற்பொழிவில் அக்கதைகளை இரும்புக்காலத்தைக் காட்டும் சாளரம் என்றார். மிகவும் கவர்ச்சியான கருத்து அது. ஆனால் ஜே. பி. மலோரி கதைகளில் வரும் வாளை எடுத்துக்கொண்டு, அயர்லாந்தில் உண்மையாகவே கிடைத்த வாள்களோடு ஒப்பிட்டார். இரும்புக்கால வாள்கள் குட்டையானவை. கதையில் வரும் வாள் நீண்டது, ஓங்கி வெட்டுவதற்குரியது, பொன்னும் தந்தமும் பதித்த பிடி உடையது. அது பிற்காலத்து வாள். கதை சொன்னவர்கள் தம் கண்முன் கண்ட வாளைப் பழைய வீரன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அதனால் கதை முழுவதும் பொய் என்றாகாது. அல்ஸ்டர் அரசர்களின் தலைநகர் என்று கதை சொல்லும் நாவன் மேட்டை அகழ்ந்தபோது, 40 மீட்டர் விட்டமுள்ள மரக் கட்டடம் ஒன்றின் தடம் வெளிப்பட்டது. நடுத்தூணின் அடிக்கட்டை ஈரமண்ணில் அழியாமல் இருந்ததால், மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, அம்மரம் கி.மு. 95ஆம் ஆண்டின் இறுதியிலோ அடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ வெட்டப்பட்டது என்று சொல்ல முடிந்தது. கட்டடத்தைக் கட்டி, உள்ளே கல் நிரப்பி, வேண்டுமென்றே தீயிட்டு, மேலே மண்மேடு எழுப்பியிருந்தனர். ஆகவே அது அரண்மனை அன்று, சடங்குக்குரிய இடம். அங்கே முன்னர் நின்ற வீடொன்றின் இடத்தில் வட ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்றின் மண்டையோடும் கிடைத்தது. ஊரின் சிறப்பைக் கதை சரியாக நினைவில் வைத்திருந்தது, அச்சிறப்பின் தன்மையை மறந்துவிட்டது.

அவசரப்பட்டு இணைப்பதில் உள்ள இடரைப் பட்டாசுத் தொழில் செய்யும் இவ்வூரார்க்கு விளக்க வேண்டியதில்லை. மருந்துகளைத் தனித்தனியே வைத்து, ஒவ்வொன்றையும் எடைபோட்டு, அதற்கென்று ஒதுக்கிய அறையில் அளவாகக் கலப்பதே முறை என்பதை அவர்கள் உயிர் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். சான்றுகளும் அவ்வாறே. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 6ஆம் நூற்றாண்டைக் காட்டியது என்றால், அது அந்த அடுக்கின் காலத்தைச் சொல்கிறது. எந்தச் சங்கப் பாடலின் காலத்தையும் அது தானே சொல்லிவிடாது. கறுப்பு சிவப்புப் பானை தமிழகத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது. குஜராத்திலும் வங்காளத்திலும் கிடைக்கிறது. அதை வனைந்தவர் என்ன மொழி பேசினார் என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும்.

5. கல்லும் பானை ஓடும்

அந்த எழுத்துச் சான்றில் தமிழகம் அயர்லாந்தைவிட வளமுடையது. அயர்லாந்தின் ஓகம் கல்வெட்டுகள் ஏறத்தாழ 400. கல்லின் விளிம்பில் கீறிய கோடுகள். பெரும்பாலும் இன்னார் மகன் இன்னார் என்பதோடு முடிபவை. கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் தொடங்குபவை. தமிழ்பிராமி எனப்படும் தமிழி எழுத்து அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. குகைகளில் மட்டுமன்றிச் சாதாரண வீட்டுப் பானையிலும் கிடைப்பது. ஆதன், சாத்தன், கண்ணன் என்று தம் பெயரைத் தம் பானையில் கீறி வைத்த மக்களை வேறு எந்தத் தென்னிந்தியப் பகுதியிலும் இத்தனை எண்ணிக்கையில் காண முடியாது. எகிப்தின் செங்கடல் துறையான குசெய்ர் அல் காதிமிலும் அவ்வாறு பெயர் எழுதிய ஓடுகள் கிடைத்துள்ளன.

மதுரைக்கு அருகே மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டார். அவை தமிழில் உள்ளன என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். எழுத்தைப் படித்துவிட்டாலும் மொழி இன்னதென்று காண இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு அவ்வேலையை முழுமை பெறச் செய்தது.

பாட்டும் கல்லும் தனித்தனியே நின்று ஒன்றையொன்று தாங்கும் இரு இடங்களை மாணவர் கட்டாயம் கற்க வேண்டும். முதலாவது கரூர் அருகே புகளூர். அங்கே ஆறுநாட்டார் மலையில் சேர மரபின் மூன்று தலைமுறையினர் பெயர் வரிசையாக வருகிறது. பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர் வரிசையோடு அது பொருந்துகிறது. பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. ஆனால் மூன்று தலைமுறையும் இரும்பொறை மரபும் தற்செயலாகப் பொருந்துவது அரிது. இரண்டாவது திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை. அசோகரின் பாறைக் கட்டளைகள் சோழ, பாண்டிய, கேரளரோடு சத்தியபுத்திரர் என்றொரு குடியையும் சொல்கின்றன. அவர் யார் என்று நெடுங்காலம் பலரும் பலவாறு ஊகித்தனர். 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சிக்கே அப்பட்டத்தைச் சூட்டியது. ஔவையார் பாடிய தலைவன், அசோகர் அறிந்த குடி, பாறையில் பொறித்த கொடை மூன்றும் ஒரே வரியில் சந்தித்தன. பாட்டுப் படித்தவர், பிராகிருதம் தெரிந்தவர், எழுத்து வாசிப்பவர் என மூவர் தனித்தனியே இருந்தால் அந்த வரியின் எடை முழுமையாகத் தெரியாது.

மண்ணும் எழுத்தும் சந்தித்த இடம் பழநிக்கு அருகே பொருந்தல். 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் அங்கே திறந்த கல்லறை ஒன்றில், எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியும், நான்கு கால் ஜாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்லும் ஒன்றாக இருந்தன. நெல்லைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. எழுத்தின் காலத்தை எழுத்தின் வடிவத்தை வைத்து மட்டும் கணித்த நிலை அத்தோடு மாறியது. அக்கணிப்பை ஏற்காத அறிஞர்களும் உண்டு. அந்த விவாதத்தை இருபக்கமும் படித்து எடைபோடும் மாணவரைத்தான் பல்கலைக்கழகம் உருவாக்க வேண்டும்.

6. வெம்பக்கோட்டைச் சங்கு

இம்மாவட்டத்திலேயே ஒரு நல்ல வாய்ப்பு உள்ளது. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரையிலுள்ள மேட்டுக்காட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் அகழாய்வு தொடங்கி, 2023, 2024ஆம் ஆண்டுகளிலும் தொடர்ந்தது. முதல் இரு கட்டங்களிலேயே 7,000க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. சுடுமண் உருவம், தக்களி, கண்ணாடி மணி, ஆட்டக்காய், சில்லுவட்டு, பொன்னணி ஆகியவற்றோடு சங்கு வளையல் ஏராளம்.

சங்கு வளையல் செய்யும் முறை இது. சங்கின் முனையைத் தட்டி உடைத்து, உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கும் நடுத்தண்டை நீக்குவர். குழாய்போல் நிற்கும் உடலை இரும்பு ரம்பத்தால் குறுக்கே அறுத்து வளையமாக்குவர். பிறகு உள்ளும் புறமும் தேய்த்து, மேலே கோடு கீறி அழகு செய்வர். ஆகவே ஓர் ஊரில் முடிந்த வளையல் மட்டும் கிடைத்தால் அவ்வூரார் வாங்கி அணிந்தவர்கள். அறுத்தெறிந்த நடுத்தண்டும் முனைத் துண்டும் பாதியில் உடைந்த வளையமும் கிடைத்தால் அவ்வூரார் செய்தவர்கள். வெம்பக்கோட்டையில் முடிந்ததும் முடியாததுமான வளையல்கள் கிடைத்ததால்தான் அங்கே தொழிற்கூடம் இருந்திருக்கலாம் என்கின்றனர். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே சங்கு எப்படி வந்தது? வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சங்கு அங்கேதான் விளைகிறது. ஆற்றோரப் பாதை கடற்கரையை இக்கரிசல் காட்டோடு இணைத்திருக்க வேண்டும்.

மதுரைக்காஞ்சி மதுரை நகரின் தொழிலாளரை வரிசைப்படுத்தும் இடத்தில் சங்கறுத்து வளை கடைபவரை முதலில் வைக்கிறது. 1914இல் சென்னை மீன்வளத் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், சங்கு பற்றிய தம் நூலில், கொற்கையிலும் காயலிலும் தாம் கண்ட அறுத்த சங்குத் துண்டுகளைப் பழந்தமிழ் நூற்செய்தியோடு வைத்துப் பேசினார். உயிரியல் அறிஞர் ஒருவர் செய்த இந்த வேலையைத் தமிழ் மாணவரும் தொல்லியல் மாணவரும் சேர்ந்து வெம்பக்கோட்டைச் சங்கைக் கொண்டு இன்று தொடரலாம். எந்த அடுக்கில் கழிவு மிகுதி, ரம்பத்தின் தடம் எத்தனை மெல்லியது, கோட்டு வேலை எந்தக் காலத்தில் மாறியது என்ற கேள்விகளுக்கு ஓட்டையும் துண்டையும் கையில் எடுத்து எண்ண வேண்டும். மதுரைக்காஞ்சியின் காலத்தை வெம்பக்கோட்டை அடுக்கின்மேல் ஏற்றிவிடாமல், அடுக்கின் காலத்தை முதலில் தனியே அறிய வேண்டும்.

7. மாணவருக்குரிய பாடம்

இப்படிப்புக்கு வேண்டிய பாடங்கள் சில. சங்கத் தொகைகளில் இரண்டையேனும் மூலத்தோடும் பழைய உரையோடும் முழுமையாகப் படித்தல். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்தபோது எந்தச் சுவடிகளைக் கொண்டார், பாடவேறுபாட்டை எப்படித் தீர்த்தார் என்று முன்னுரைகளின் வழி அறிதல். பதிற்றுப்பத்தின் பதிகங்கள் பாடலுக்குப் பிந்தியவை என்பதுபோல், ஒரே நூலுக்குள் வெவ்வேறு காலத்து அடுக்குகளைப் பிரித்தல். தமிழியும் வட்டெழுத்தும் வாசித்தல், மசிப்படி எடுத்தல். பிராகிருதம் ஓரளவு. பெரிப்ளூஸ் என்னும் நூலும் பிளினி, தாலமி ஆகியோரும் தமிழகத்தைப் பற்றிச் சொல்வதை மூலத்தில் படிக்கும் அளவுக்குக் கிரேக்கமோ லத்தீனோ ஒன்று. ஒரு பருவம் முழுவதும் அகழாய்வுக் குழியில் வேலை. அங்கே மண்ணின் நிறமும் ஈரமும் மாறும் இடத்தைக் கண்டு அடுக்கைப் பிரித்து வரைதல். கரிமக் கணிப்பின் முடிவை, அதன் பிழை எல்லையோடு சேர்த்துப் படித்தல். ஒப்பீட்டுக்கு ஒரு வெளி மரபு. அது கெல்ட்டியமாக இருந்தால் மேலே கண்ட பாடங்கள் அனைத்தும் சேர்ந்து வரும்.

இது எட்டாத ஆசை அன்று. கேம்பிரிட்ஜில் ஆங்கிலோ சாக்சன், நார்ஸ், கெல்ட்டியம் மூன்றையும் சேர்த்த இளங்கலைப் படிப்பே உண்டு. பதினெட்டு வயது மாணவர் மொழி, வரலாறு, இலக்கியம், பழைய எழுத்து ஆகிய தாள்களைத் தாமே தேர்ந்து கலந்து படிக்கிறார். தமிழ்நாட்டிலும் இப்பாடங்களுக்கான ஆசிரியர்கள் இன்றே இருக்கிறார்கள். சென்னையில், தஞ்சையில், புதுவையில், தொல்லியல் துறை நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பில், தொல்மரபணு ஆய்வு நடைபெறும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவர்கள் பரவியிருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த மாணவர் மற்றொன்றில் கற்ற தாளுக்கும் மதிப்பெண் பெற வழி செய்தால், புதிய கட்டடமோ புதிய துறையோ இல்லாமலே இந்தப் படிப்பைத் தொடங்கிவிடலாம். தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் பெற்றோர் வேலை செய்ய, வீட்டில் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்குச் செல்லும் இவ்வட்டார மாணவருக்கு, முதல் பருவத்தின் களப்பணியை வெம்பக்கோட்டையிலும், இரண்டாம் பருவத்தின் எழுத்து வாசிப்பை மாங்குளத்திலும் அமைக்கலாம். இரண்டுக்கும் இங்கிருந்து பேருந்திலேயே போய்வரலாம்.